ஸ்கைடைவிங்கில் பாராசூட் விரியாவிட்டால் என்ன ஆகும்?

குதிப்பவரின் முதுகுப் பையில் முதன்மைப் பாராசூட்டுடன் ரிசர்வ் எனப்படும் மாற்றுப் பாராசூட்டும் இருக்கும். முதன்மையைக் குதிப்பவரே மடித்துக்கொள்ளலாம். ரிசர்வை மட்டும், ரிக்கர் எனப்படும், சான்று பெற்ற பாராசூட் பராமரிப்பு வல்லுநர் ஒருவர் 180 நாள்களுக்கு ஒருமுறை பிரித்துச் சோதித்து மடித்துத் தர வேண்டும் என்பது அமெரிக்காவில் விதி.

பாராசூட் அறவே விரியாமல் போவது அரிது. கயிறுகள் முறுக்கிக்கொண்டு, அரைகுறையாக விரிந்த துணி ஆளைச் சுழற்றத் தொடங்கும் கோளாறைப் பற்றித்தான் பயிற்சியில் அதிகம் பேசுவார்கள். அந்நிலையில் ரிசர்வைத் திறந்தால் இரண்டும் பின்னிக்கொள்ளக்கூடும் என்பதால், கோளாறான பாராசூட்டை முதலில் கழற்றிவிட வேண்டும். 1970களில் பில் பூத் உருவாக்கிய மூன்று வளைய அமைப்பு இதற்காகவே வந்தது. இந்த விளையாட்டில் நான் மிகவும் மதிக்கும் கண்டுபிடிப்பும் அதுதான். ஒன்றுக்குள் ஒன்று கோத்து மடக்கிய மூன்று உலோக வளையங்கள், ஆளின் எடையையும் சுழற்சியின் இழுவிசையையும் படிப்படியாகக் குறைத்து, கடைசியில் ஒரு சிறு கயிற்றுக் கண்ணி தாங்கும் அளவுக்குக் கொண்டுவந்துவிடுகின்றன. அந்தக் கண்ணியில் செருகியிருக்கும் கம்பியை வலப்பக்கக் கைப்பிடியால் இழுத்தால், எவ்வளவு வேகமாகச் சுழன்றுகொண்டிருந்தாலும் இரு தோள் பட்டைகளும் ஒருசேர விடுபடும். அடுத்து இடப்பக்கக் கைப்பிடியை இழுத்தால் ரிசர்வ் வெளிவரும். முன்பெல்லாம் இரு தோள்களிலும் இருந்த கொக்கிகளைத் தனித்தனியே திறக்க வேண்டியிருந்தது.

கழற்றிவிடும் இந்த முடிவை மாணவர்கள் 2,500 அடி உயரத்துக்குக் கீழே இறங்குமுன்பும் அனுபவசாலிகள் 1,800 அடிக்குக் கீழே இறங்குமுன்பும் எடுத்துவிட வேண்டும் என்று அமெரிக்கப் பாராசூட் சங்கம் சொல்கிறது. மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வேகத்தில் விழுபவருக்கு 1,000 அடி ஆறு விநாடிக்குள் கரைந்துவிடும். மயங்கிவிட்டவருக்கும் ஒரு வழி உண்டு. 1991இல் அறிமுகமான சைப்ரஸ் போன்ற கருவிகள் காற்றழுத்தத்தைக் கொண்டு உயரத்தையும் வேகத்தையும் கணித்து, தாழ்ந்த உயரத்திலும் வேகம் குறையாதிருந்தால் ரிசர்வின் பூட்டுக் கயிற்றைத் தாமே அறுத்துவிடும்.

ஆகவே, உங்கள் அச்சம் இயல்பானதே என்றாலும், அதைவிட அதிகம் அஞ்ச வேண்டிய இடம் வேறு. உயிரிழப்புகளில் கணிசமானவை நன்றாக விரிந்த பாராசூட்டின் கீழ்தான் நேர்கின்றன. சிறிய, வேகமான பாராசூட்டைத் தரைக்கு அருகே கூர்மையாகத் திருப்பினால் அது பாய்ந்து இறங்கும். மீண்டும் நிமிர்வதற்குரிய உயரம் அப்போது மிச்சம் இருக்காது. தனியாகக் குதிக்கக் கற்பதாக இருந்தால், கைப்பிடி ஒத்திகைக்குத் தரும் நேரத்தைத் தரையிறங்கும் பாதையைத் திட்டமிடவும் ஒதுக்கும்படி பயிற்றுநரிடம் வற்புறுத்திக் கேளுங்கள். டேன்டம் முறையில் குதிப்பதானால் இவை அனைத்தும் உங்களோடு பிணைக்கப்பட்டிருக்கும் பயிற்றுநரின் பொறுப்பு. தரையிறங்கும் நேரத்தில் அவர் சொல்லும்போது கால்களை நன்றாக உயர்த்திக்கொள்வது உங்கள் பொறுப்பு.