பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி: மூன்று வருஷம் உள்ளே என்ன நடக்கிறது?

கேள்வி: என் மகள் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள். ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பாட்டனி, ஸுவாலஜி குரூப். நீட் எழுதினாள், இடம் கிடைக்கவில்லை. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி சேரப் போகிறேன் என்கிறாள். நானும் அவள் அப்பாவும் தீப்பெட்டி வேலைக்குப் போகிறவர்கள், எங்களுக்கு இது ஒன்றும் தெரியவில்லை. மூன்று வருஷம் என்னதான் சொல்லிக்கொடுப்பார்கள்? கணக்கு எடுக்காத பெண்ணால் முடியுமா? முடித்ததும் மெடிக்கல் ஷாப் வைக்கலாமா?
- ஒரு தாய், குடியாத்தம்

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மெடிக்கல் ஷாப் வைக்க இந்தப் படிப்பு உதவாது. கடை போர்டில் ‘கெமிஸ்ட்ஸ்’ என்று எழுதியிருப்பதால் வருகிற குழப்பம் இது. மருந்து எடுத்துக் கொடுக்க, பதிவு செய்த பார்மசிஸ்ட் வேண்டும் என்பது 1948ஆம் வருஷத்து பார்மசி சட்டம். அதற்கு டி.பார்ம். அல்லது பி.பார்ம். படிக்க வேண்டும். நான் இந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் முப்பது வருஷம் கெமிஸ்ட்ரி நடத்தியவன். ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் இரண்டு மூன்று பேராவது மருந்துக் கடைக் கனவோடு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பையன் இரண்டாம் வருஷம் பாதியில் வந்து, “சார், மாத்திரை பாடம் எப்போ வரும்?” என்று கேட்டான். பாவம், அதுவரை பொறுமையாகக் காத்திருந்திருக்கிறான். உங்கள் மகளுக்கு மருந்துதான் ஆசை என்றால் இப்போதே வழியை மாற்றிக்கொள்ளட்டும்.

சரி, கெமிஸ்ட்ரியேதான் வேண்டும் என்றால் மேலே படியுங்கள்.

நீங்கள் வேலை செய்யும் இடத்திலிருந்தே தொடங்குகிறேன். தீக்குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது. பெட்டியின் பக்கவாட்டில் பூசுவது சிவப்பு பாஸ்பரஸ். இரண்டும் உரசும்போது தீ வருகிறது. ஏன் வெள்ளை பாஸ்பரஸைப் பூசுவதில்லை? அதுவும் இதுவும் ஒரே தனிமம்தான். ஆனால் வெள்ளை பாஸ்பரஸ் விஷம், காற்று பட்டாலே பற்றிக்கொள்ளும், தண்ணீருக்குள் போட்டுத்தான் வைத்திருப்பார்கள். அணுக்கள் கைகோத்து நிற்கும் விதம் மாறியதும் குணமே மாறிவிடுகிறது. ஒரு பொருளில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, ஏன் அப்படி நடந்துகொள்கிறது, அதை வேறொன்றாக மாற்றுவது எப்படி: இந்த நான்கு கேள்விகளைத்தான் மூன்று வருஷமும் திருப்பித் திருப்பிக் கேட்பார்கள்.

ஆறு செமஸ்டர். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்துக் கல்லூரிகள் பெரும்பாலும் சேர்க்காட்டில் இருக்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. தமிழும் ஆங்கிலமும் முதல் இரண்டு வருஷம் கூடவே வரும். சுற்றுச்சூழல் கல்வி, திறன் வளர்ப்பு என்று சில சிறிய தாள்களும் உண்டு. அவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம். கெமிஸ்ட்ரித் தாள்கள் முதல் இரண்டு வருஷம் ‘பொது வேதியியல்’ என்ற பெயரில் எல்லாம் கலந்து வரும். மூன்றாம் வருஷத்தில் ஆர்கானிக், இன்ஆர்கானிக், ஃபிசிக்கல் என்று மூன்றாகப் பிரியும்.

இன்ஆர்கானிக் என்பது உலோகங்கள், உப்புகள், தனிம வரிசை அட்டவணை. மனப்பாடம் கொஞ்சம் அதிகம். ஆனால் நம் ஊருக்கு இதைவிட நெருக்கமான பாடம் கிடையாது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிடப் பயன்படுத்துவது குரோமியம் உப்பு. அது மூன்று என்ற ஆக்ஸிஜனேற்ற நிலையில் (அணு எத்தனை எலக்ட்ரானை இழந்திருக்கிறது என்று காட்டும் எண்) இருக்கும்போது தோலின் புரதத்தோடு பிணைந்து அழுகாமல் காக்கிறது. அதே குரோமியம் ஆறு என்ற நிலைக்குப் போனால் புற்றுநோய் தரும் விஷம். வெறும் எண் வித்தியாசம் என்று ப்ளஸ் டூவில் படித்தது, பாலாற்றங்கரையில் கிணற்றுத் தண்ணீர் பிரச்சினையாக நிற்கும். தோல் ஆலைக் கழிவு பற்றி 1996இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் பெரிய மைல்கல். அந்த வழக்கின் பெயரிலேயே வேலூர் இருக்கிறது.

ஆர்கானிக்கில் கார்பன் சேர்மங்கள். எந்த வினையில் எந்த எலக்ட்ரான் எங்கே நகர்கிறது என்று வளைந்த அம்புக்குறி போட்டுப் பழக வேண்டும். அந்த அம்புக்குறியைப் புரிந்துகொண்டவர்களுக்கு ஆர்கானிக் கதை மாதிரி ஓடும், புரியாதவர்கள் நூறு வினைகளைத் தனித்தனியாக உருப்போட்டுத் தேர்வுக்கு முந்தின நாள் அழுவார்கள். நடுவில் அழகான விஷயங்களும் வரும். ஒரு வகைப் புதினாவின் வாசனைக்கும் சதகுப்பையின் வாசனைக்கும் காரணம் கார்வோன் என்ற ஒரே சேர்மம். இடது கையும் வலது கையும் போல ஒன்றுக்கொன்று பிம்பமாக இருக்கின்றன, அவ்வளவுதான் வித்தியாசம். நம் மூக்குக்கு அது தெரிகிறது.

மூன்றாவது, ஃபிசிக்கல் கெமிஸ்ட்ரி. வினையில் வெப்பம் எங்கே போகிறது, வினை எவ்வளவு வேகம், பேட்டரியில் எத்தனை வோல்ட், கடைசியில் குவாண்டம். அரியர் விழுகிற இடம் பெரும்பாலும் இதுதான். உங்கள் கணக்குக் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

கணக்கு குரூப் எடுக்காத மாணவிகள் என்னிடம் நிறையப் பேர் படித்திருக்கிறார்கள், நன்றாகவும் வந்திருக்கிறார்கள். லாகரிதம், விகிதம், வரைபடத்தில் சரிவு கண்டுபிடிப்பது, கொஞ்சம் வகையீடு, தொகையீடு: இவ்வளவு இருந்தால் பெரும்பகுதி ஓடிவிடும். அமிலத்தன்மையைச் சொல்லும் பி.எச். என்பதே ஒரு லாகரிதம்தான். நீட் எழுதிய பெண் அதைப் பார்க்காமல் வந்திருக்க மாட்டாள். குவாண்டம் பகுதி மட்டும் கஷ்டம். அது கணக்கு குரூப் பிள்ளைகளுக்கும் கஷ்டம்தான். ஆனால் ஒன்றைச் சேருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்: அலைடு பாடம் (கெமிஸ்ட்ரியோடு கூடப் படிக்கும் துணைப் பாடம்) என்ன? சில கல்லூரிகளில் அலைடாகக் கணிதம் கட்டாயம், சிலவற்றில் அதற்குப் பதில் தாவரவியலோ விலங்கியலோ எடுக்கலாம். உங்கள் மகளுக்கு இரண்டாவது வகைக் கல்லூரி கிடைத்தால் முதல் வருஷம் நிம்மதியாகப் போகும்.

அடுத்தது லேப். இதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பட்டத்தின் உயிர் அங்கேதான். முதலில் டைட்ரேஷன். பியூரெட் என்ற அளவு போட்ட கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் அந்த ஒரு சொட்டில் நிறுத்த வேண்டும். ஆக்ஸாலிக் அமிலத்தைச் சூடாக்கிப் பெர்மாங்கனேட்டை விடும்போது, நிலைத்து நிற்கும் முதல் இளஞ்சிவப்புதான் முடிவு. ஆர்வத்தில் இரண்டு சொட்டு அதிகமாக விட்டால் மறுபடி முதலிலிருந்து. குடத்துத் தண்ணீரின் கடினத்தன்மையை ஈ.டி.டி.ஏ. கரைசலால் அளப்பார்கள், ஒயின் சிவப்பு நீலமாக மாறும். குடிநீர்க் கடினத்தன்மைக்கான இந்தியத் தர அளவு, கால்சியம் கார்பனேட் கணக்கில், ஒரு லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு நீர் கிடைக்காவிட்டால் 600 வரை. வீட்டு போர்த் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவரச் சொல்லி மாணவர்களை அளக்க வைப்பேன். தங்கள் வீட்டு எண்ணைப் பார்த்த பிறகு ஒருவரும் அந்தப் பரிசோதனையை மறந்ததில்லை.

அப்புறம் சால்ட் அனாலிசிஸ். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பொடி கொடுத்து, இதில் என்ன இருக்கிறது கண்டுபிடி என்பார்கள். நுகர்ந்து பார்த்து, தீயில் காட்டி, ஒவ்வொரு தொகுதியாக விலக்கிக்கொண்டே போக வேண்டும். துப்பறியும் வேலைதான். கண்டுபிடித்த அன்று பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஆர்கானிக் லேபில் ஆஸ்பிரின் போன்றவற்றைத் தயாரித்துப் படிகமாக்குவார்கள். ஃபிசிக்கல் லேபில் எஸ்டரை அமிலத்தில் விட்டு, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கொஞ்சம் எடுத்து, ஐஸ் தண்ணீரில் போட்டு வினையை நிறுத்தி அளப்பார்கள். கையில் மஞ்சள் கறை நைட்ரிக் அமிலம், கறுப்புக் கறை சில்வர் நைட்ரேட். கறை பட்டதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், சில நாளில் தோலோடு போய்விடும். ஆனால் அமிலம் பட்டால், எரிச்சல் இல்லாவிட்டாலும், உடனே ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும்.

கடைசி வருஷத்தில், ஒரு சேர்மத்தின் அமைப்பைக் கண்டுபிடிக்க உதவும் கருவிகள் வரும்: யூ.வி., ஐ.ஆர்., என்.எம்.ஆர். ஒரு சேர்மத்தின் ஐ.ஆர். வரைபடத்தில் 1700 என்ற எண்ணுக்கு அருகே ஆழமான பள்ளம் தெரிந்தால் உள்ளே கார்பனைல் (ஆக்ஸிஜனோடு இரட்டைப் பிணைப்பில் இருக்கும் கார்பன்) இருக்கிறது என்று படிக்கப் பழகுவார்கள். பல கல்லூரிகளில் இந்தக் கருவிகளைப் புத்தகப் படத்தில்தான் பார்ப்பார்கள் என்பது வருத்தம். என் சொந்தப் படிப்பும் அப்படித்தான். நான் படித்த கல்லூரியில் மூன்று வருஷமும் ஒரு பியூரெட்டுக்கு நாலு பேர். மூன்று பேர் வேடிக்கை பார்த்தோம். அந்தக் குறை எம்.எஸ்சி. போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

அதனால் கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். உங்கள் ஊரில் அரசு திருமகள் ஆலைக் கல்லூரி, வேலூரில் முத்துரங்கம், ஊரிசு, ஆக்ஸிலியம், டி.கே.எம். எங்கே போனாலும் கெமிஸ்ட்ரி லேபைக் காட்டச் சொல்லுங்கள். பியூரெட் ஆளுக்கு ஒன்றா? கண்ணாடியைக் கழுவும் குழாயில் தண்ணீர் வருகிறதா? ரசாயனப் புட்டியில் லேபிள் இருக்கிறதா, தூசி படிந்திருக்கிறதா? இரண்டாம் வருஷப் பெண் யாரையாவது பிடித்து, “வாரத்துக்கு எத்தனை நாள் பிராக்டிகல் உண்மையிலேயே நடக்குது?” என்று கேளுங்கள். அவள் சொல்வதுதான் சரியான தகவல்.

தமிழ் வழி பற்றியும் ஒரு வார்த்தை. கல்லூரியில் பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் என்பதால் முதல் இரண்டு மாதம் திணறுவாள். பாடம் அதேதான், பெயர்தான் வேறு. ஆக்ஸிஜனேற்றத்தை ஆக்ஸிடேஷன் என்பார்கள், மாற்றியத்தை ஐசோமர் என்பார்கள். ஒரு நோட்டில் இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல் என்று எழுதிக்கொண்டே வந்தால் தீபாவளிக்குள் பழகிவிடும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும், சேர்ந்ததும் கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள்.

வேலையைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். வெறும் பி.எஸ்சி.க்கு ராணிப்பேட்டை சிப்காட் பக்கத்து ரசாயன ஆலை, மருந்து ஆலை, தோல் ஆலை லேபில் தரம் பார்க்கும் வேலை கிடைக்கும். ஆரம்பச் சம்பளம் சுமார்தான், ஷிஃப்டும் இருக்கும். அங்கே கேட்பதெல்லாம் முன்பு சொன்ன லேப் பழக்கத்தைத்தான். பள்ளி ஆசிரியர் ஆக பி.எட். இரண்டு வருஷம், அப்புறம் தகுதித் தேர்வு. எம்.எஸ்சி. போனால் கதவுகள் அதிகம் திறக்கும். ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. படிக்க ஜாம் என்ற நுழைவுத் தேர்வு உண்டு, குடியாத்தத்துப் பெண்ணும் எழுதலாம். டி.என்.பி.எஸ்.சி.க்கு எந்தப் பட்டமும் போதும், அதற்காகவே கெமிஸ்ட்ரி சேர வேண்டியதில்லை.

விண்ணப்பம் போடுவதற்கு முன் ஒரு சின்னப் பரிசோதனை. ப்ளஸ் டூ புத்தகத்தில் வேதிவினை வேகவியல், அயனிச் சமநிலை என்று இரண்டு பாடம் இருக்கும். மதிப்பெண் பயம் இல்லாமல் ஒரு வாரம், தினம் நாலு கணக்கு போடச் சொல்லுங்கள். விடை தப்பாக வந்தாலும் எங்கே தப்பு என்று தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளா பாருங்கள். அப்படி இருந்தால் தயங்காமல் சேருங்கள். லேப் கோட்டு மட்டும் பருத்தியில் வாங்குங்கள். பாலியெஸ்டர் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.