கிரிக்கெட் வீரர் ஆண்ட்ரூ ஃப்ளின்டாஃப் நிஜமாகவே பெரிய ஆல்ரவுண்டரா, இல்லை இங்கிலாந்து மீடியா ஊதிவிட்ட பலூனா?

கேள்வி கேட்டவர் கூடவே கணக்கும் போட்டிருக்கிறார்: 79 டெஸ்ட், 3845 ரன், சராசரி 31.77. விக்கெட் 226, ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன் சராசரி 32.78 (இது குறைவாக இருந்தால்தான் நல்லது). பேட்டிங் சராசரியைவிடப் பந்துவீச்சு சராசரி அதிகமாக இருக்கிற ஆளைப் போய் இங்கிலாந்தின் பழைய ஆல்ரவுண்டர் போத்தம் பக்கத்தில் உட்கார வைக்கிறார்களே என்பது அவர் ஆதங்கம்.

கணக்கு சரிதான். என் பங்குக்கு இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றுகிறேன். டெஸ்டில் ஐந்தே சதம். ஒரே இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் எடுத்தது மூன்றே முறை. போத்தமுக்கு 14 சதம், 27 முறை ஐந்து விக்கெட். காலிஸையும் கபிலையும் இழுத்தால் இன்னும் மோசமாகும்.

இருந்தும் 2005 ஆகஸ்ட் 6, எட்ஜ்பாஸ்டன், அந்த ஒரு ஓவரை நேரலையில் பார்த்த யாரிடமும் இந்தக் கணக்கு எடுபடாது. அன்று நான் ஹாஸ்டல் டிவி அறையில் இருந்தேன். ரிமோட் சீனியர்கள் கையில்; நடப்பது இந்தியா ஆடாத மேட்ச்; எப்போது வேண்டுமானாலும் பாட்டுச் சேனலுக்குப் போய்விடும் நிலைமை. ஆஸ்திரேலியாவுக்கு 282 இலக்கு, விக்கெட் இழக்காமல் 47. ஃப்ளின்டாஃப் கையில் பந்து. காலையில் பேட்டிங் பண்ணும்போது இடது தோளில் அடி, அதோடுதான் 73 அடித்திருந்தார். ஓவரின் இரண்டாவது பந்தில் லாங்கர் போல்ட். உள்ளே வந்தது பான்டிங். அடுத்தடுத்து நாலு பந்து, ஒவ்வொன்றும் காலில் பட்டது, விளிம்பில் பட்டது, அல்லது மட்டையைத் தாண்டிப் போனது. அதில் கடைசியாக ஒரு நோபால். அப்பாடா என்று பான்டிங் மூச்சு விட்டிருப்பார். அந்த நோபாலுக்குப் பதிலாகப் போட்ட ஏழாவது பந்துதான் விளிம்பில் பட்டு கெரைன்ட் ஜோன்ஸ் கையில் போய் விழுந்தது. ரிமோட் வைத்திருந்த அண்ணன் அதற்குப் பிறகு சேனலை மாற்றவே இல்லை.

ஐந்து விக்கெட் ஏன் குறைவு என்பதற்கும் கிரிக்கெட் காரணம் ஒன்று உண்டு. அவர் போடும் நீளம் கொஞ்சம் ஷார்ட். பந்து கனமாக வந்து மட்டையின் மேல்பகுதியில் மோதும், ஆனால் முழு நீளத்தில் போடுபவருக்குக் கிடைக்கிற எல்பிடபிள்யூ, போல்ட் எல்லாம் அவ்வளவாகக் கிடைக்காது. ஒரு முனையை அவர் இறுக்கிப் பிடிப்பார், மறுமுனையில் ஹார்மிசனோ ஹோகார்டோ அறுவடை பண்ணுவார்கள். 2005 ஆஷஸில் (இங்கிலாந்து-ஆஸ்திரேலியா டெஸ்ட் தொடர்) கில்கிறிஸ்டுக்கு ரவுண்ட் த விக்கெட் வந்து என்ன பாடு படுத்தினார் என்று பாருங்கள். அந்தக் காலத்தில் எவனையும் துவைத்துப் போடுகிற கில்கிறிஸ்ட், ஐந்து டெஸ்டில் ஒரு அரைசதம்கூட அடிக்கவில்லை. ஃப்ளின்டாஃப் கணக்கில் அந்தத் தொடரில் 402 ரன், 24 விக்கெட்.

ஆக, உச்சத்தில் இருந்த காலம் குறைவு. 2003 கடைசியில் தொடங்கி 2006 தொடக்கம் வரை என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன் உடம்பு பருமன், அதற்குப் பின் கணுக்கால் ஆபரேஷன். நடுவில் கிடைத்த இடைவெளியில் ஆடினார். அவ்வளவுதான் கிரிக்கெட் பாகம்.

நீங்கள் உண்மையில் கேட்பது பிம்பத்தைப் பற்றி. பிம்பம் இருந்தது, மறுக்கவில்லை. அதை ஊதியவர்களில் அவரும் ஒருவர். ஏன் ஊதினார் என்பதுதான் எனக்குச் சுவாரசியமான விஷயம்.

நம் ஊர்க்காரர்களுக்கு அவர் முதலில் அறிமுகமானது 2002 பிப்ரவரியில், வான்கடேயில் சட்டையைக் கழற்றிச் சுற்றிக்கொண்டு ஓடியபோது. கடைசி ஓவரில் 11 ரன்னைக் காத்து, கும்ப்ளே ரன் அவுட், அடுத்த பந்தே ஸ்ரீநாத் போல்ட். ஜூலையில் ஃபைனலில் இங்கிலாந்தை ஜெயித்ததும் லார்ட்ஸ் பால்கனியில் கங்குலி கழற்றியது இதற்குப் பதில் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த ஃபைனலில் ஜாகிர் கான் வெற்றி ரன் ஓடியது ஃப்ளின்டாஃப் பந்தில்தான் என்பது பலருக்கு ஞாபகம் இருக்காது.

அதற்கும் முன்னால், 2000 வாக்கில், இங்கிலாந்துப் பத்திரிகைகளுக்கு அவர் 'குண்டுப் பையன்'. ஆட்ட நாயகன் விருது வாங்கியபோது, குண்டுப் பையனுக்கு இது மோசமில்லை என்று அவரே கேலி பண்ணினார். எல்லோரும் சிரித்தார்கள். ஆள் ஜாலி என்ற பெயர் நின்றுவிட்டது. 2005 ஆஷஸ் ஜெயித்த மறுநாள் லண்டன் ஊர்வலத்தில், இரவு முழுக்கக் குடித்த கண்ணோடு, தள்ளாடிக்கொண்டு நின்றதற்கும் ஊரே கைதட்டியது. நம்மில் ஒருத்தன் என்றார்கள். பிபிசியின் அந்த வருட விளையாட்டு வீரர் பட்டம், அரசு விருது எல்லாம் வரிசையாக வந்தன.

அதே குடி 2007 உலகக் கோப்பையில் வேறு விலைக்குப் போனது. செயின்ட் லூசியாவில் நியூசிலாந்திடம் தோற்ற இரவு, பெடல் போட்டை எடுத்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்டார். (ஊட்டி ஏரியில் குடும்பமாக மிதிப்போமே, அந்த ஜாதிதான்.) துணைக் கேப்டன் பதவி பறிபோனது, ஒரு மேட்ச் தடை. சில மாதம் முன்புதான் அவர் கேப்டனாக இருந்து ஆஷஸை 5-0 என்று பறிகொடுத்திருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன் கைதட்டிய அதே பத்திரிகைகள்தான் இப்போது ஒழுக்கம் பேசின.

மும்பை தாக்குதலுக்குப் பிறகு, ஊருக்குப் போன இங்கிலாந்து அணி திரும்பி வந்து சேப்பாக்கத்தில் ஆடியதே, 2008 டிசம்பர், அந்த ஐந்தாம் நாள் நான் போயிருந்தேன். வாசலில் மூன்று முறை தடவிப் பார்த்து, பிஸ்கட் பாக்கெட்டைக்கூடப் பிரித்துப் பார்த்தார்கள். பழைய ஸ்டேடியம், எனக்கு முன்னால் ஒரு தூண். பந்து வீச ஓடி வருவது தெரியும், பாதியில் மறையும், மறுபடி தெரியும். அப்படி ஒருமுறை தூணுக்குப் பின்னாலிருந்து ஃப்ளின்டாஃப் வெளியே வந்தபோது திராவிட் பின்னால் கேட்ச் கொடுத்து நடந்துகொண்டிருந்தார். சத்தமே இல்லை. அன்று சச்சின் சதம் அடித்து 387-ஐத் துரத்தி முடித்ததால் அந்த விக்கெட்டை யாரும் பேசுவதில்லை.

இரண்டு மாதம் கழித்து சிஎஸ்கே அவரை 15.5 லட்சம் டாலருக்கு எடுத்தது. பீட்டர்சனும் அதே விலைக்கு பெங்களூருக்குப் போனார். ஐபிஎல்லில் அதுவரை யாருக்கும் கொடுக்காத தொகை. தேர்தலால் போட்டிகள் தென்னாப்பிரிக்காவுக்குப் போய்விட, அவர் மஞ்சள் சட்டையில் சேப்பாக்கத்தில் இறங்கவே இல்லை. மூன்றே மேட்ச். முதல் மேட்சில் அபிஷேக் நாயர் ஒரே ஓவரில் மூன்று சிக்ஸர் தூக்கினார். பிறகு முழங்கால் போனது, ஊருக்குப் போய்விட்டார். 'தண்டச் செலவு' பட்டியல் போடுகிற சிஎஸ்கே ரசிகர்கள் இன்றுவரை அவர் பெயரில்தான் ஆரம்பிப்பார்கள். அதே காலோடுதான் ஜூலையில் லார்ட்ஸில் கடைசி நாள் இடைவிடாமல் வீசி, அந்த இன்னிங்ஸில் ஐந்து விக்கெட்டை எட்டி, ஒற்றை முழங்காலில் இரண்டு கையையும் விரித்து உட்கார்ந்தார். 1934-க்குப் பிறகு லார்ட்ஸில் ஆஸ்திரேலியாவை இங்கிலாந்து ஜெயித்தது அன்றுதான். எனக்கு சிஎஸ்கே பிடிக்கும், நமக்கு உதவாத கால் அங்கே உதவியதை மன்னிக்க முடியாது என்று அப்போது நினைத்தேன். சின்ன வயசு.

ஓய்வுக்குப் பிறகு பாக்ஸிங் ரிங்கில் ஏறி ஒரு சண்டை போட்டு ஜெயித்தார், டிவி ஷோக்களில் கோமாளித்தனம் பண்ணினார், டாப் கியர் என்ற கார் நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கினார். இதெல்லாம் அதே ஜாலி ஆளின் தொடர்ச்சியாகத்தான் தெரிந்தது. பிறகுதான் அவரே சொன்னார்: குண்டன் என்று எழுதிய காலத்திலேயே, சாப்பிட்டதை வாந்தி எடுக்கும் புலிமியா நோய் தொடங்கிவிட்டது. எடை இறங்கியது, ஆட்டம் ஏறியது, எல்லோரும் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். 2020-ல் பிபிசிக்காக இதை வைத்தே ஒரு ஆவணப்படம் செய்தார். மனச்சோர்வைப் பற்றி அதற்கும் முன்பே பேசியிருந்தார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தக் 'குண்டுப் பையன்' ஜோக்கைத் திரும்ப நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. பலூனை ஊதியது மீடியா மட்டும் இல்லை என்று நான் சொன்னது இதைத்தான். அடுத்தவன் சிரிப்பதற்குள் தானே சிரித்துவிடுகிற பழக்கம் அது.

2022 டிசம்பரில் டாப் கியர் படப்பிடிப்பில் மூன்று சக்கரக் கார் கவிழ்ந்து முகத்தில் படுகாயம். மாதக்கணக்கில் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. 2023 செப்டம்பரில் கார்டிஃபில், நியூசிலாந்து தொடருக்கு வந்த இங்கிலாந்து அணியோடு மைதானத்தில் தென்பட்டார். மூக்கிலும் கன்னத்திலும் தழும்பு, தலையில் தொப்பி, கையில் மட்டை. பையன்களுக்குக் கேட்ச் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். அடுத்த வருஷம் இங்கிலாந்து லயன்ஸ் என்ற இரண்டாம் நிலை அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார்.

கேட்டவருக்கு நேர்ப் பதில்: போத்தம் வரிசை இல்லை. ஆனால் எட்ஜ்பாஸ்டனில் இரண்டு ரன்னில் ஜெயித்ததும் கூட்டாளிகளோடு குதிக்காமல், 43 நாட் அவுட்டோடு தரையில் குந்தியிருந்த பிரெட் லீயின் தோளில் கை வைத்துக் குனிந்தாரே, அந்தப் போட்டோவை மட்டும் பிம்பம் என்று சொல்லாதீர்கள். அவருக்கு முன்பே ஹார்மிசன் போய் லீக்குக் கை கொடுத்துவிட்டார், அது கேமராக்காரர்கள் கண்ணில் படவில்லை என்பது தனிக் கதை.