காரில் 12 அங்குல சப்வூஃபர் போட்டும் பேஸ் பலமாக வரவில்லை, ஏன்?

பெரும்பாலும் குறை ஸ்பீக்கரில் இருக்காது, பெட்டியில்தான். கோனின் (ஸ்பீக்கரில் அதிரும் கூம்பு) முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் கலந்தால் ஒன்றையொன்று அடித்து பேஸ் குறைந்துவிடும். அதைத் தடுக்கத்தான் பெட்டியே. முதலில் கசிவைப் பாருங்கள். பாட்டு ஓடும்போது மூட்டுகளில் ஈர விரலை வைத்தால் காற்று சில்லென்று தெரியும். சிலிகான் பூசி அடையுங்கள்.

அப்புறம் கொள்ளளவு. தயாரிப்பாளர் சொன்ன லிட்டரை விடச் சிறிய மூடிய பெட்டியில் ஆழம் போய் 'டொம் டொம்' மட்டும் மிஞ்சும். போர்ட் (காற்று போய்வரும் குழாய்) வைத்த பெட்டி அதன் டியூனிங் அதிர்வெண்ணை, அதாவது அந்தக் குழாய் எந்த அதிர்வெண்ணுக்கு அமைக்கப்பட்டதோ அதை, ஒட்டி அதிகச் சத்தம் தரும். ஆனால் அதற்குக் கீழே கோனுக்குப் பிடிமானம் இல்லை. மிகத் தாழ்ந்த ஒலிகளை வெட்டும் சப்சானிக் ஃபில்டர் இல்லாமல் சத்தத்தை முறுக்கினால் ஸ்பீக்கர் காலி. புதியவர்களுக்கு மூடியதே நல்லது என்பேன்.

லோ பாஸை (தாழ்ந்த ஒலிகளை மட்டும் சப்வூஃபருக்கு விடும் ஃபில்டர்) 80 ஹெர்ட்ஸ் பக்கம் வையுங்கள். கோன் அசையும் திசையைத் திருப்பும் ஃபேஸ் சுவிட்சையும் ஒருமுறை மாற்றிப் பாருங்கள், செலவே இல்லை.