பெரும்பான்மை என்றால் எதில் பாதி?

அன்புள்ள ஐயா,

1999-இல் வாஜ்பாய் அரசு 269-க்கு 270 என்று ஒரே ஓட்டில் கவிழ்ந்தது. ஜெர்மனியில் அடுத்த சான்சலரின் (நம் பிரதமர் போன்றவர்) பெயரைச் சொல்லாமல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவர முடியாதாம். அந்த விதி இங்கே வந்தால் எம்.எல்.ஏ. பேரம் ஒழியுமா? அவர்கள் நம்மவர்களைப் போல விலைபோகிறவர்கள் இல்லையே!

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

ஒழியாது. 1999-இல் அந்த விதி இருந்திருந்தால் வாஜ்பாய் தப்பியிருப்பார். மாற்று அரசுக்கு யாரிடமும் ஆள் இல்லை. அதைத் தாண்டி அதில் பேச ஒன்றுமில்லை.

ஆனால் கடைசி வரியை நீங்கள் எழுதியிருக்கக் கூடாது. 1972 ஏப்ரல் 27 அன்று ஜெர்மன் சான்சலர் வில்லி பிராண்டை இறக்க எதிர்க்கட்சித் தலைவர் ரெய்னர் பார்ட்ஸெல் கொண்டுவந்த தீர்மானம் தோற்றது. அதை ஆதரிக்காமல் இருக்க 50,000 மார்க் (அன்றைய ஜெர்மன் பணம்) வாங்கியதாக பார்ட்ஸெல் கட்சி உறுப்பினர் ஒருவரே மறு ஆண்டு ஒப்புக்கொண்டார். சொந்த மக்களை மட்டம்தட்டுமுன் கொஞ்சம் படியுங்கள்.

அதே வாக்கெடுப்பை இன்னும் கிட்டத்தில் பாருங்கள். ஆதரவு 247, எதிர்ப்பு 10, நடுநிலை 3. ஆளுங்கட்சியினர் பெரும்பாலும் ஓட்டுப்போடவே எழவில்லை. வந்து வாக்களித்தவர்களை மட்டும் எண்ணும் நம் வழக்கப்படி பார்ட்ஸெல் அமோகமாக ஜெயித்திருப்பார். அங்கே தேவைப்பட்டது 249. அவர்கள் அரசியல் சட்டத்தின் 121-ஆம் பிரிவு, அவையின் சட்டப்படியான மொத்த எண்ணிக்கையில்தான் பெரும்பான்மையைக் கணக்கிடச் சொல்கிறது. வராதவரும் வாய் திறக்காதவரும் தீர்மானத்துக்கு எதிராகவே நிற்பார்கள். அடுத்தவர் பெயரைச் சொல்லக் கட்டாயப்படுத்தும் 67-ஆம் பிரிவையே எல்லாரும் புகழ்கிறார்கள், நீங்களும்தான். பூட்டு 121-இல் இருக்கிறது.

கர்நாடகத்துக்கு வாருங்கள். அப்போது நியமன உறுப்பினரோடு சட்டப்பேரவை 225, பெரும்பான்மை 113. 2019 ஜூலையில் பா.ஜ.க.விடம் இருந்தது 105. எட்டுப் பேரை இழுத்தால் கட்சித் தாவல் தடைச் சட்டம் பாயும். அதனால் யாரும் தாவவில்லை. ஆளும் கூட்டணி எம்.எல்.ஏ.க்கள் ராஜினாமா கடிதம் கொடுத்தார்கள். கட்சி சொன்னபடி அவைக்கு வந்து ஓட்டுப் போடச் சொல்லும் கொறடா உத்தரவு இருக்கிறதே என்பீர்கள். வழக்குப் போட்ட 15 பேரை அவைக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஜூலை 17 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் கொறடாவின் கை கட்டப்பட்டுவிட்டது. ஜூலை 23 அன்று 20 பேர் வரவில்லை. முதல்வர் குமாரசாமி 99-க்கு 105 என்று தோற்றார். அடுத்த சில நாளில் சபாநாயகர் 17 பேரைத் தகுதிநீக்கம் செய்தார். 225-இல் 17 போனால் 208. அதில் பாதிக்கு மேல் என்றால் சரியாக 105. ஒருவர்கூட எதிரணிக்கு ஓட்டுப் போடாமலே, ஜூலை 29 அன்று குரல் வாக்கெடுப்பில் பா.ஜ.க.வின் எடியூரப்பா ஜெயித்தார். உங்கள் ஜெர்மன் விதி இதில் எதைத் தடுத்திருக்கும்? மாற்று முதல்வர் பெயர்தான் முதல் நாளிலிருந்தே தயாராக இருந்ததே!

மொத்தம் 225-லேயே எண்ண வேண்டும் என்றிருந்தால் 105 போதாது. காலி இடங்களுக்கு இடைத்தேர்தல் நடந்து மக்கள் சொன்ன பிறகுதான் ஆட்சி கைமாறியிருக்கும். நடந்தது தலைகீழ்: ஆட்சி மாறி நான்கு மாதம் கழித்து, டிசம்பர் 5 அன்றுதான் 15 தொகுதிகளில் ஓட்டுப்பதிவு. ஆளுங்கட்சியாக நின்ற பா.ஜ.க. 12-ஐ அள்ளியது.

இதில் ஒரு நிஜமான சிக்கல் உண்டு, மறைக்க மாட்டேன். 99 பேர் அரசு நிதி மசோதாவை எப்படி நிறைவேற்றும்? அந்த ஆண்டு ஜூலை 31 கெடு. இடைத்தேர்தல் வரைக்கும் சம்பளம், ஓய்வூதியம், கடன் வட்டிக்கு மட்டும் தானாகவே பணம் செல்லும்படி எழுதிவைக்க வேண்டியிருக்கும். புதுத் திட்டத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கூடாது.

கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரே ஓட்டு உங்களை இத்தனை வருத்தியிருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. 121-ஐ வாசித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.