இரண்டு நாள் பயிற்சி போதுமா?

கேள்வி: எங்கள் குழுவில் ஓர் இளைஞர் வேலையில் சூரர். அடுத்த ஆண்டு அவரைக் குழுத் தலைவராக்க எண்ணுகிறோம். ஆனால், யாரையும் பேசவிட மாட்டார். உடன் இருப்பவர்கள் முகம் சுளிக்கிறார்கள். பேச்சுத்திறன் பயிற்சிக்கு இரண்டு நாள் அனுப்பினால் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது. இரண்டு நாளும் அழகாகக் குறிப்பெடுப்பார். மூன்றாம் நாள் கூட்டத்தில் பழையபடி குறுக்கே விழுவார். இத்தனை நாள் அதைப் பார்த்துக்கொண்டே பாராட்டும் சம்பள உயர்வும் கொடுத்தவர்கள் நீங்கள்தானே?

'பழகும் விதத்தை மாற்றிக்கொள்ளுங்கள்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதும் வீண். ஒரு பழக்கத்தை மட்டும் எடுங்கள். கூட்டத்தில் நீங்களும் உட்கார்ந்து கவனியுங்கள். அன்றே, தனியே, நடந்ததைச் சொல்லுங்கள்: "காலையில் அந்தப் புதியவர் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் நீங்கள் குறுக்கிட்டீர்கள். பிறகு அவர் வாயே திறக்கவில்லை. அவர் கண்ட பிழை நமக்கு மாலையில்தான் தெரிந்தது." திமிர் என்று சொன்னால் வாதாடுவார், நடந்ததைச் சொன்னால் யோசிப்பார். அடுத்த கூட்டத்துக்கு ஒரே நிபந்தனை: கருத்தைக் கடைசியில்தான் சொல்ல வேண்டும், அதுவரை கேள்வி மட்டும் கேட்கலாம். வாரம் அரை மணி நேரம் இதைப் பற்றிப் பேசுங்கள். அதில் பாதிக்கு மேல் நீங்களே பேசினால் அது உபதேசம். இது படிந்த பிறகே அடுத்த பழக்கம்.

கூடவே ஒரு புதியவரை அவரிடம் ஒப்படையுங்கள். அந்தப் புதியவர் முடித்த வேலையை வைத்தே இவரை மதிப்பிடுங்கள். பெரும்பாலும் சறுக்கும் இடம் இதுதான்: கெடு நெருங்கியதும் முழுவதையும் தானே ராத்திரியோடு ராத்திரியாகத் திருத்தி எழுதிவிடுவார். வேலை முடிந்ததென்று நீங்களும் மகிழ்ந்துவிடுவீர்கள், எல்லாம் போச்சு. பிழையைச் சுட்டலாம், கை வைக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதற்காகக் கெடுவில் சில நாள் கூடுதலாகக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் விதி காகிதத்தோடு சரி.

கூகுளின் 'புராஜெக்ட் ஆக்சிஜன்' ஆய்வு 2011-இல் வெளியானபோது, நல்ல மேலாளருக்கான எட்டுப் பண்புகளில் முதலிடம் பிறரைப் பயிற்றுவிப்பதற்கு. தொழில்நுட்பத் திறமைக்குக் கடைசி இடம். நீங்கள் அந்தக் கடைசி ஒன்றைப் பார்த்தே ஆளைத் தேர்ந்திருக்கிறீர்கள்.

வாராவாரம் பேசி வழிகாட்டுபவர் இந்த இளைஞரின் சம்பள மதிப்பீட்டில் கையெழுத்திடுபவராக இருக்க வேண்டாம்; அந்தக் கையெழுத்து உங்களுடையது என்றால், அந்தப் பேச்சை வேறொருவரிடம் விடுங்கள். கையெழுத்திடுபவரிடம் யாரும் தன் திணறலை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அதிருக்கட்டும், தலைவராக அவருக்கு விருப்பமா என்று கேட்டீர்களா? தலைவரானால்தான் சம்பளம் உயரும் என்ற ஏற்பாடு உங்களிடம் இருந்தால், விருப்பமில்லாதவரும் 'ஆம்' என்றுதான் சொல்வார். முதலில் அதை மாற்றிவிட்டுக் கேளுங்கள்.