நரி ப்ரூச்சில் வினிகர் வாடை ஏன்?

கேள்வி: நான் பாரிஸில் வசிக்கிறேன். இங்குள்ள பழம்பொருள் சந்தையில் இரண்டு நகைகள் வாங்கினேன். ஒன்று, பாரிஸ் நகை வடிவமைப்பாளர் லியா ஸ்டெய்னின் பிளாஸ்டிக் நரி ப்ரூச், அதாவது ஆடையில் குத்திக்கொள்ளும் நகை. இன்னொன்று, வெள்ளிப் பட்டை பதித்த தடித்த அக்ரிலிக் வளையல். 1970 வாக்கில் செய்தது என்றார் விற்றவர். இரண்டையும் முத்துமாலையோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்திருந்தேன். இப்போது ப்ரூச்சில் வினிகர் வாடை வீசுகிறது, ஊக்கில் பச்சைக் களிம்பு. வளையலை சானிடைசரால் துடைத்தேன். மயிரிழை விரிசல்கள் தெரிகின்றன. காப்பாற்ற முடியுமா?

பதில்: முதலில் முத்துமாலையை அந்த டப்பாவிலிருந்து எடுத்துவிடுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

ப்ரூச்சிலிருந்து வருவது அசெட்டிக் அமிலம். வினிகரில் இருப்பதும் அதுதான். முத்து பெரும்பாலும் சுண்ணாம்புப் பொருள். அமில ஆவி பட்டுக்கொண்டே இருந்தால் மேற்பரப்பு அரித்து மங்கிவிடும். செம்பு, பித்தளை, ஈயத்துக்கும் ஆகாது. ஊக்கில் களிம்பு பிடித்ததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

பிளாஸ்டிக் என்று ஒரே பெயரில் சொன்னாலும், உங்கள் நகைகள் இரண்டும் வேறு வேறு பொருள். நரி செய்யப்பட்டது செல்லுலோஸ் அசிடேட்டில். பஞ்சு, மரக்கூழ் போன்ற தாவர நாரிலிருந்து வருவது அது. மெல்லிய தகடுகளை அடுக்கடுக்காக ஒட்டவைத்து, வடிவமாக வெட்டி எடுப்பது லியா ஸ்டெய்னின் பாணி. வேதியியல் தெரிந்த அவருடைய கணவர் ஃபெர்னாண்ட் ஸ்டைன்பெர்கர் அதற்கான முறையை உருவாக்கிக் கொடுத்தார். அதே பாரிஸில் 1950-களில் லின் வோத்ரன் என்ற கலைஞர், செல்லுலோஸ் அசிடேட்டைச் சூடாக்கி வளைத்து, முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டுகள் பதித்து, அதற்குத் தலோசெல் என்று பெயரிட்டார். மலிவான பொருள் என்று இவற்றை ஒதுக்குவதை என்னால் ஏற்கவே முடியாது. இந்த நிற அடுக்குகள் தங்கத்தில் வராது.

ஆனால் இந்தப் பொருளுக்கு ஒரு பலவீனம் உண்டு. காற்றின் ஈரம் மெல்ல மெல்ல அசிடேட்டைச் சிதைக்கும். அப்போது அமிலம் வெளியேறும். அந்த அமிலமே சிதைவை இன்னும் விரைவாக்கும். பழைய சினிமா ஃபிலிம் சுருள்கள் புளித்த வாடையோடு சுருங்கிப்போவதும் இதனால்தான். நல்ல எண்ணத்தில் டப்பாவை இறுக மூடினீர்கள். அமிலம் போக வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிட்டது.

தொடங்கிய சிதைவைத் திருப்ப முடியாது. வேகத்தைக் குறைக்கலாம். அமிலமில்லாத அட்டைப் பெட்டியில், மூடியைச் சற்றுத் திறந்து, தனியாக வையுங்கள். பக்கத்தில் ஒரு சிறு பொட்டலம் ஆக்டிவேட்டட் கார்பன் வைத்தால் ஆவியை உறிஞ்சிக்கொள்ளும். குளியலறை அலமாரி வேண்டாம், குளிர்காலத்தில் ஹீட்டருக்கு மேலுள்ள தட்டும் வேண்டாம். தண்ணீரில் ஊறவைக்காதீர்கள், லேசாக ஈரமான துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள். களிம்பைச் சுரண்டுகிறேன் என்று ஊக்கைக் கழற்றிவிடாதீர்கள். ஸ்டெய்னின் பெயர் பொறித்திருப்பது அந்த V வடிவ ஊக்கில்தான். நரி வளைந்து நெளியாமல், பிசுபிசுக்காமல் இருக்கும்வரை எப்போதாவது அணியலாம்.

சரி, வளையலுக்கு வருவோம். 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மனியின் கிளாஸ் பூரி, ஆஸ்திரியாவின் ஃப்ரிட்ஸ் மயர்ஹோஃபர் போன்ற பொற்கலைஞர்கள் அக்ரிலிக்கையும் உலோகத்தையும் சரிசமமாக மதித்து நகை செய்தார்கள். உங்களுடையது யார் கைவேலை என்று நீங்கள் சொன்னதை வைத்துச் சொல்ல முடியாது. விரிசலுக்குக் காரணம் மட்டும் சானிடைசரில் உள்ள ஆல்கஹால் என்றே நினைக்கிறேன். அறுத்து, இழைத்து, வளைத்த அக்ரிலிக்குக்குள் இறுக்கம் தங்கியிருக்கும். ஆல்கஹால் பட்டதும் அந்த இடங்களில் விரிசல் விடும். மேலோட்டமான கீறலை மெருகேற்றிப் போக்கலாம், இது போகாது. பெர்ஃப்யூம், ஹேர் ஸ்ப்ரே, கண்ணாடி துடைக்கும் திரவம், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் இனி அருகில் வரக்கூடாது. தூசியைக் காய்ந்த துணியால் தேய்த்தால் நிலைமின் ஏறி இன்னும் தூசி ஒட்டும், கீறலும் விழும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்பு விட்டு, பருத்தித் துணியை நனைத்து ஒற்றி எடுங்கள். ஒலி அதிர்வால் நகையைச் சுத்தம் செய்யும் அல்ட்ராசோனிக் தொட்டியில் போடவே கூடாது.

விரிசல் வெள்ளிப் பட்டையின் ஓரத்தைத் தொட்டிருந்தால் அணிவதை நிறுத்துங்கள். வீட்டுப் பசையைத் தொடாமல், பிளாஸ்டிக்கில் அனுபவமுள்ள கன்சர்வேட்டரிடம், அதாவது பழம்பொருள்களைப் பாதுகாத்துச் சீராக்கும் நிபுணரிடம் காட்டுங்கள். வெள்ளியைப் பற்றவைத்துத் தருகிறேன் என்று நகைப் பட்டறையில் யாராவது சொன்னால் கொடுத்துவிடாதீர்கள். சுமார் 100 டிகிரி செல்சியஸிலேயே அக்ரிலிக் இளகிவிடும்.