வண்டி வாசகர் கேள்வி-பதில்: நிறுத்தி வெச்ச காரை இடிச்சிட்டு ஓடிட்டான், க்ளைம் போடலாமா வேணாமா?

கேள்வி: சார் வணக்கம், காட்பாடி காந்தி நகர்ல இருக்கேன். போன செவ்வாய்க்கிழமை அம்மாவ செக்கப்புக்கு வேலூர் டவுனுக்கு கூட்டிட்டு போனேன், ஆஸ்பத்திரி பார்க்கிங் ஃபுல்லுன்னுட்டாங்க, சரின்னு பக்கத்து சந்துல ஓரமா காரை விட்டுட்டு டோக்கன், ஸ்கேன், மருந்து எல்லாம் முடிச்சு மூணு மணி நேரம் கழிச்சு வந்து பாத்தா பின்னாடி வலது பக்கம் பம்பர் கழண்டு தொங்குது, டெயில் லேம்ப் தூள், அதுக்கு மேல பாடில ஒரு டொக்கு. எதிர்ல இளநி விக்கிறவர் "வெள்ளை வண்டிப்பா, ரிவர்ஸ் எடுத்தான், போயிட்டே இருந்தான்"னாரு, நம்பர் பாக்கல. 1200 சிசி பெட்ரோல் கார், 6 வருஷம் ஆச்சு, ஃபுல் இன்சூரன்ஸ், இதுவரைக்கும் க்ளைமே போட்டதில்ல, என்.சி.பி. (க்ளைம் போடாததுக்கு பிரீமியத்துல குடுக்கற தள்ளுபடி) 50 சதவீதம் இருக்கு. வொர்க்ஷாப்ல 14,200 ரூபா எஸ்டிமேட் குடுத்திருக்காங்க. ஏஜென்ட் என்னடான்னா "நானே சுவத்துல இடிச்சிட்டேன்னு எழுதிக் குடுங்க சார், ஸ்டேஷன் போற வேலை மிச்சம்"ங்கறாரு. வீட்ல க்ளைமே வேணாம்ங்கறாங்க. யார் சொல்றத கேக்கறது?

பதில்: ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறுன்னு நம்ம ஊரை சொல்லுவாங்க, அதோட உங்களது ஆள் இல்லாத ஆக்சிடென்ட்! சிரிக்கறதுக்கு சொல்லல சார், எனக்கும் ஆபீசர்ஸ் லைன்ல இதே மாதிரி ஒரு தடவை ஆச்சு, வயித்தெரிச்சல் எனக்கும் தெரியும்.

ஏஜென்ட் சொன்னத முதல்ல தூக்கி ஓரமா வைங்க. சுவத்துல உரசுன வண்டிக்கும் இன்னொரு வண்டி இடிச்ச வண்டிக்கும் வித்தியாசம் தெரியாத சர்வேயர் (டேமேஜ பாத்து மதிப்பு போடறவர்) யாரும் இல்ல. சுவத்துல பட்டா சிமெண்ட் துகள் ஒட்டியிருக்கும், கீறல் சொரசொரன்னு இருக்கும், உங்க பம்பர்ல இந்நேரம் அந்த வெள்ளை வண்டியோட பெயிண்ட் படலம் படலமா ஒட்டிட்டு இருக்கும், நகத்தால சுரண்டிப் பாருங்க. தரையில இருந்து எவ்ளோ உயரத்துல கோடு விழுந்திருக்குன்னு பாத்தாலே இடிச்சது காரா லோடு ஆட்டோவான்னு சொல்லிடுவாங்க. நீங்க சுவருன்னு எழுதிக் கையெழுத்து போட்டு அது பொய்னு தெரிஞ்சா, 14,000 ரூபா விஷயத்துக்காக கம்பெனி க்ளைமையே ரிஜெக்ட் பண்ணலாம். அது மட்டுமில்ல, நாளைக்கே பக்கத்து மெடிக்கல் ஷாப் கேமரால அவன் நம்பர் கிடைச்சுதுன்னு வைங்க, "நானே சுவத்துல இடிச்சேன்"னு எழுதிக் குடுத்துட்டு எந்த முகத்தோட அவனைப் புடிப்பீங்க? ஃபார்ம்ல நடந்ததை நடந்த மாதிரி எழுதுங்க, நிறுத்தியிருந்தப்ப அடையாளம் தெரியாத வாகனம் மோதியது, இடம், தேதி, நேரம், அவ்ளோதான்.

ஸ்டேஷன் போறதுக்கு இவ்ளோ பயப்பட வேணாம். அந்த சந்து எந்த ஸ்டேஷன் லிமிட்டோ அங்க ஒரு கம்ப்ளெயின்ட் எழுதிக் குடுத்து சி.எஸ்.ஆர்., அதாவது கம்ப்ளெயின்ட் வாங்கிக்கிட்டதுக்கு போலீஸ் குடுக்கற ரசீது, வாங்கிக்குங்க, காசு கெடையாது. இந்த மாதிரி சின்ன டேமேஜுக்கு பல கம்பெனி எஃப்.ஐ.ஆர். கேக்கறதில்ல, சிலது கேக்கும், உங்க கம்பெனி டோல் ஃப்ரீ நம்பருக்கு போன் போட்டு தகவல் சொல்றப்பவே அதையும் கேட்டுடுங்க. ஆனா அந்த போனை இன்னைக்கே போடுங்க. பாலிசில "உடனடியா" தெரிவிக்கணும்னுதான் இருக்கு, லேட்டாச்சுங்கற ஒரே காரணத்துக்காக நியாயமான க்ளைமை தள்ளக்கூடாதுன்னு இன்சூரன்ஸ் கம்பெனிகளை கண்காணிக்கற ஐ.ஆர்.டி.ஏ. 2011லயே சர்க்குலர் விட்டிருந்தாலும் நாம ஏன் அந்த வம்புக்கு போகணும். சர்வே முடியற வரைக்கும் வண்டில கை வெக்க விடாதீங்க. தொங்கற பம்பரை கயித்துல கட்டிக்கிட்டு ஓட்டுனாலும் பரவால்ல, ஒடஞ்ச டெயில் லேம்ப் துண்டைக் கூட கவர்ல போட்டு டிக்கில வைங்க. 50,000க்கு கீழ இருக்கற டேமேஜுக்கு லைசென்ஸ் சர்வேயர் கட்டாயம் இல்ல, கம்பெனி ஆளே வந்து பாப்பாங்க, இல்லன்னா வீடியோ கால்லயே முடிச்சிடுவாங்க.

கேமரா விஷயத்துல நான் பண்ண தப்ப நீங்க பண்ணாதீங்க. நாலு நாள் கழிச்சு சாவகாசமா போய் கேட்டேன், "அதெல்லாம் அழிஞ்சிடுச்சு சார், பழசு மேலயே புதுசு ஏறிடும்"னு கடைக்காரர் கைய விரிச்சுட்டார். உங்களுக்கு ஏற்கனவே சில நாள் போயிடுச்சு, இந்த பக்கத்தை மூடிட்டு கெளம்புங்க. ஆஸ்பத்திரி ஏரியால கடைக்கு ஒரு கேமரா இருக்கு.

இப்ப வீட்ல சொல்ற விஷயத்துக்கு வரேன், அவங்க சொல்றதுல பாயிண்ட் இருக்கு. உங்க எஸ்டிமேட்டை பிரிச்சுப் பாத்தா பம்பர் 4,200, டெயில் லேம்ப் 3,000, டிங்கரிங் கூலி 2,500, பெயிண்டிங் 4,500. பம்பர் டு பம்பர் (தேய்மானம் கழிக்காம குடுக்கற கூடுதல் கவர்) இல்லாத பாலிசியா இருந்தா பிளாஸ்டிக் சாமானுக்கு பாதி தேய்மானம் கழிப்பாங்க, டெயில் லேம்ப்பையும் அதுலதான் சேப்பாங்க, பம்பர்ல 2,100, லேம்ப்ல 1,500 போச்சு. பெயிண்டிங் பில்லுல கால்வாசிய மெட்டீரியல்னு எடுத்துக்கிட்டு அதுல பாதி, ஒரு 562 ரூபா போச்சு. 1500 சிசி வரைக்கும் கட்டாயமா நம்ம கையில இருந்து போடற பங்கு 1,000. ஆக உங்க கைக்கு வரது 9,038.

சரி 9,000 வருதேன்னு தோணும். ஆனா ஒரு க்ளைம் போட்டா என்.சி.பி. பூஜ்யத்துக்கு வந்துடும், மறுபடி 20, 25, 35, 45னு ஏறி 50க்கு வர அஞ்சு வருஷம் கழியணும். உங்க ஓன் டேமேஜ் பிரீமியம் (சொந்த வண்டி டேமேஜுக்கான பங்கு) என்.சி.பி. கழிவுக்கு முன்னாடி ஒரு 7,000னு வெச்சுக்குவோம், முதல் வருஷம் 3,500 இழப்பு, அடுத்து 2,100, 1,750, 1,050, 350, கூட்டுனா 8,750. ஜி.எஸ்.டி. இதுக்கு மேல, வண்டி பழசாக பழசாக பிரீமியம் கொஞ்சம் இறங்கும், அதெல்லாம் கூட்டிக் கழிச்சு விட்டுடுங்க. மிச்சம் 288 ரூபா சார். ஆம்பூர் போய் ரெண்டு பேர் பிரியாணி சாப்டா பத்தாது. நானா இருந்தா இந்த க்ளைமை போட மாட்டேன், கைக்காசுலயே முடிச்சிடுவேன்.

ஆனா பாலிசில பம்பர் டு பம்பர் இருக்கான்னு ஒரு தடவை பாத்துடுங்க, 6 வருஷ வண்டிக்கு ஏஜென்ட் சொல்லாமயே தூக்கியிருப்பார், அப்படியே இருந்தா 13,200 வரும், கணக்கு மாறிடும். என்.சி.பி. ப்ரொடெக்ட் (க்ளைம் போட்டாலும் என்.சி.பி. போகாம காக்கற கவர்) எடுத்திருந்தா யோசிக்கவே வேணாம், போட்டுடுங்க. வண்டிய பிரிச்சப்புறம் உள்ள டிக்கி ஃப்ளோர் வளைஞ்சிருக்கு, 40,000, 50,000 ஆகும்னு சொன்னாலும் போட்டுடுங்க. அதனாலதான் க்ளைம் போடறீங்களோ இல்லயோ தகவல் சொல்றதையும் சி.எஸ்.ஆரையும் விடாதீங்கன்னு சொல்றேன், ஆனா போன்ல "க்ளைம் பதிவு பண்ணிட்டீங்களா, இல்ல தகவல் மட்டுமா"ன்னு தெளிவா கேட்டுக்குங்க.

கேள்வி: எங்க கேஸ்ல கேமரால நம்பரே கிடைச்சிடுச்சு, ஆந்திரா வண்டி, ஏ.பி. 39னு ஆரம்பிக்குது. தப்பு அவன் மேல இருக்கறப்ப என் என்.சி.பி. ஏன் போகணும்? - வாசகி, சத்துவாச்சாரி

பதில்: நியாயமான கோவம்தான் மேடம், ஆனா அது "தப்பில்லா போனஸ்" இல்ல, "க்ளைமில்லா போனஸ்". தப்பு யார் மேல இருந்தாலும் உங்க பாலிசில காசு வாங்கினா போயிடும். நம்பரை பரிவாஹன் ஆப்ல போட்டுப் பாருங்க, இன்சூரன்ஸ் உயிரோட இருக்கான்னு காட்டும். அவனோட தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ்ல (அவன் வண்டியால அடுத்தவங்களுக்கு ஆகற நஷ்டத்துக்கானது) உங்க வண்டி டேமேஜையும் கேக்கலாம், ஆனா நேரா கம்பெனிக்கு இல்ல, மோட்டார் ஆக்சிடென்ட் ட்ரிப்யூனல் (விபத்து நஷ்டஈடு கேஸ் பாக்கற கோர்ட்) வழியா, 6 மாசத்துக்குள்ள மனு போடணும். ஆந்திரா வண்டிங்கறதுக்காக சித்தூருக்கு அலைய வேணாம், விபத்து நடந்த ஊர்லயோ நீங்க இருக்கற ஊர்லயோ போடலாம், உங்க வீட்டு பக்கத்துலயே கோர்ட் இருக்கு. எஃப்.ஐ.ஆர். மட்டும் கண்டிப்பா போட வைங்க. ஒரே டேமேஜுக்கு ரெண்டு பக்கமும் வாங்க முடியாது. 15,000, 20,000 விஷயத்துக்கு வக்கீல், வாய்தான்னு அலையறதுக்கு பதிலா போலீஸ் மூலமா அவனைக் கூப்பிட்டு பில் காசை வாங்கிக்கிட்டு எழுத்துல முடிச்சிக்கறவங்கதான் நம்ம பக்கம் அதிகம்.

கேள்வி: எனக்கு தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும்தான். ஹிட் அண்ட் ரன்னுக்கு கவர்மெண்டே காசு குடுக்குதாமே? - வாசகர், ஆம்பூர்

பதில்: அது ஆளுக்கு, வண்டிக்கு இல்ல. அடையாளம் தெரியாத வண்டி மோதி உயிர் போனா 2 லட்சம், பலத்த காயம்னா 50,000, டொக்கு விழுந்த காருக்கு ஒரு பைசா கெடையாது. உங்க பாலிசிலயும் சொந்த வண்டிக்கு எதுவும் வராது. பம்பர் கிழிஞ்சிருந்தா புதுசு மாத்தறதுக்கு முன்னாடி பிளாஸ்டிக் வெல்டிங் பண்றவங்க கிட்ட ஒரு தடவை காட்டுங்க, பட்டி பாத்து பெயிண்ட் அடிச்சா வித்தியாசம் தெரியாது, பாதிக் காசுல முடியும்.